தொடர்பு எல்லைக்கு அப்பால்: ‘2.0’ படக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் ஷங்கர் அவர்களுக்கும், ‘2.0’ படத்தில் உழைத்த எல்லோருக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் எனக்கு. போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் உங்கள் படம் மறுபடியும் ஓடியது. செல்போன்கள் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கும் இடம் வந்ததும் அப்பா எழுந்து வெளித்திண்ணைக்குப் போய்விட்டார். தியேட்டரில் பார்த்தபோதும் அந்த இடத்தில்தான் அவர் முகம் மாறியது. காரணத்தை உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே நினைப்பு. இத்தனை நாள் சோம்பல்.

படம் வெளியானது 2018 நவம்பர் 29. ஊருக்கெல்லாம் அது தலைவர் படம் வந்த நாள். எங்களுக்கு ஒக்கி புயலின் முதல் ஆண்டு நினைவு. முந்தைய ஆண்டு அதே நவம்பர் 29, 30 தேதிகளில்தான் கடல் எங்கள் ஆட்களைக் கொண்டுபோனது. கோவிலில் திருப்பலியும் கையில் மெழுகுவத்தியுமாக அந்த வாரம் கழிந்தது. தேதி குறித்தவர்கள் அதை நினைத்திருக்க வாய்ப்பில்லை, அதில் வருத்தமும் இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, பிரமிப்பாகத்தான் இருந்தது. சாலை முழுக்கச் செல்போன்கள் பாய் விரித்த மாதிரி நகர்ந்து வரும் காட்சியில் நான் மூச்சு விட மறந்தேன். 3டியிலேயே எடுத்த உழைப்பு திரையில் தெரிந்தது. அந்த ராட்சதப் பறவை முகத்துக்கு நேரே பாய்ந்தபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன்! அக்‌ஷய் குமாரின் பட்சிராஜன்மேல், டவர் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று போராடும் அந்தப் பறவை ஆய்வாளர்மேல், பரிதாபமும் வந்தது. செல்போன் டவரில் அந்தக் கிழவர் தூக்கில் தொங்கும்போது தியேட்டரில் சத்தமே இல்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா கேட்டார்:

“மக்ளே, டவரு அவ்வளவு கெட்டதுண்ணா, டவரே எட்டாத எடத்துல கெடந்த நம்ம ஆளுவ நல்லால்லா இருந்திருக்கணும்?”

அந்தக் கேள்விக்கு உங்கள் படத்தில் பதில் இல்லை.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஒருமுறை இறங்கினால் மாதக்கணக்கில் கடலில் கிடக்கும். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினாலே செல்போனில் சிக்னல் அறுந்துவிடும். வயர்லெஸ் கருவி பக்கத்துப் படகோடு பேசத்தான் ஆகும். 2017இல் புயல் எச்சரிக்கை வந்த நேரத்தில் அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல வழியே இருக்கவில்லை. என் பெரியப்பா மகனும் அப்படிப் போனவன்தான். அவன் நம்பருக்கு அப்பா எத்தனை மாதம் அடித்துப் பார்த்தார் என்று எனக்குக் கணக்கில்லை. ‘தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்’ என்ற அந்தப் பெண்குரல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணன் நம்பர் அப்பாவின் போனில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவர் முன்னால் ஒரு போன் பறந்துபோனால் அவருக்கு அது வேடிக்கையாக இருக்குமா?

சினிமாவைச் சினிமாவாகப் பார் என்பார்கள். பார்க்கலாம். ஆனால் நீங்கள் எடுத்தது பேய்ப்படம் இல்லை, அறிவியல் புனைகதை. செத்தவர் ஆவியாகத் திரும்பி வர நீங்கள் காரணம் சொன்ன ஆராவையும் நெகட்டிவ் எனர்ஜியையும் கதைக்காக விட்டுவிடுகிறேன். டவர் கதிர்வீச்சால் பறவைகள் செத்து விழுகின்றன என்பதைத்தான் ஜனங்கள் பாடமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. டவர் கதிர்வீச்சுக்குச் சர்வதேச அளவில் சொல்லப்படும் வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் 2012 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் அனுமதி. சிட்டுக்குருவிகள் பெருநகரங்களில் குறைந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தால் பெரிதாகக் குறையவில்லை என்றுதான் 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொல்கிறது.

இதைவிட நல்ல கதை ஒன்று உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 2014இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நகரத்து மின்சாதனங்களிலிருந்து கசியும் மின்காந்த இரைச்சலில் ராபின் பறவைகளின் காந்தத் திசையறிவு குழம்பிப் போகிறது. கூண்டைச் சுற்றி உலோகத் தடுப்புப் போட்டு இரைச்சலை மறைத்தால் திசை திரும்பக் கிடைக்கிறது. ஆனால் குழப்பியது செல்போன் அலை இல்லை. அதைவிட மிகக் குறைந்த அதிர்வெண், பழைய மீடியம் வேவ் ரேடியோ இருக்கும் பக்கம். திசை தெரியாமல் தவிக்கும் ஒரு பறவையும், அதற்கு யார் காரணம் என்று தேடி அலையும் ஒரு கிழவரும்! துப்பறியும் கதை போல அல்லவா ஓடியிருக்கும்? நீங்களோ குற்றவாளியை முதலிலேயே தீர்மானித்துவிட்டீர்கள்.

பட்சிராஜன் எங்கள் பக்கம் வந்திருந்தால் பைக்கில் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டியிருப்பேன். சுசீந்திரம் தேரூர்க் குளம் 2022இல் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் சேர்ந்தது. மணக்குடியில் பழையாறு கடலோடு சேரும் பொழிமுகத்தில் விடியலில் ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக நிற்கும். பக்கத்திலேயே டவர்களும் நிற்கின்றன. நாஞ்சில் நாட்டில் குருவி எங்கே போனது என்று கேட்டால், நெல்வயலில் மண்ணடித்துப் பிளாட் போட்டிருக்கும் கல்லைக் காட்டுவேன். ஓட்டுவீட்டு இறவாணத்தில் கூடு கட்டியது. கான்கிரீட் வீட்டில் அதற்கு எங்கே பொந்து? குஞ்சுக்குப் புழு வேண்டும், மருந்தடித்த வயலில் எங்கே புழு? இதையெல்லாம் வில்லனாக்குவது கஷ்டம்தான். அதில் பாதி நாமே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் முடியும்போது உள்ளங்கை அளவு குட்டி ரோபோ 3.0வைக் காட்டி அடுத்ததற்கு வழி வைத்திருக்கிறீர்கள். எடுப்பதாக இருந்தால் அந்தக் குட்டியை ஒருமுறை எங்கள் படகில் ஏற்றுங்கள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர்கள் ஒக்கிக்குப் பிறகு தமிழகப் படகுகளுக்கு வந்திருக்கின்றன. கரையே தெரியாத கடலில் ‘புயல் வருது, திரும்பு’ என்ற ஒரு வரி ஒளிர்ந்தால் போதும். எங்கள் ஊர்த் தியேட்டரில் அதற்கு விசில் பறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ரஜினி முகத்துக் குட்டி ரோபோக்கள் புறாமேல் ஏறிப் பறந்து வரும் சண்டைக்கு மட்டும் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்தார். நின்றுகொண்டே பார்த்தார், சிரித்தார். ரஜினி என்றால் அவருக்கு அப்படி. விளம்பரம் வந்ததும் திரும்ப வெளியே போய்விட்டார்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு ரசிகன்