மண்டப மாடி சோலார் வேலை: நிறைவு அறிக்கையும் ஜெனரேட்டர் விவகாரமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டை மண்டபத்தின் மொட்டைமாடியில் சோலார் வேலை முடிந்துவிட்டது. 550 வாட் பேனல் 18, ஒன்பது ஒன்பதாக இரண்டு வரிசை, ஆக 9.9 கிலோவாட். கீழே மீட்டர் அறையில் மூன்று ஃபேஸ் இன்வர்ட்டர் ஒன்று. எர்த் குழி, இடிதாங்கி, இணைப்பு ஆய்வு, இருவழி மீட்டர் எல்லாம் முறையாக நடந்தன, அதில் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல வேண்டியது வைகாசி வளைகாப்பு அன்று நடந்ததைப் பற்றித்தான்.

"ஆறு லட்சத்தைக் கொட்டிவிட்டு, நடு மத்தியானம் வெயில் கொளுத்தும்போது கரண்ட் இல்லாமல் உட்கார்ந்தோமே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கரண்ட் கட்டானால் இந்த சோலாரும் நின்றுவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். பொதுக்குழுவில் இதைச் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினோம், மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது.

பேனலில் வருவது ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட். இன்வர்ட்டர் அதை, லைனில் வருவது போல் திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டாக மாற்றினாலும் தன்னிஷ்டத்துக்குத் தர முடியாது. ஓடுகிற தேரின் வடத்தைப் பிடிக்கப் போகிறவர் முதலில் மற்றவர்களோடு நடையைச் சேர்த்துக்கொண்டுதானே இழுப்பார், அதே மாதிரி வெளி லைனின் வோல்டேஜையும் விநாடிக்கு 50 சுற்று என்ற தாளத்தையும் பார்த்து, அதோடு சேர்ந்து, பிறகுதான் கரண்டை உள்ளே தள்ளும். மண்டபத்துக்கு அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமோ அது முதலில் இங்கேயே செலவாகும், போதாததற்கு லைனிலிருந்து வரும், மிஞ்சினால் வெளியே போகும். வருவதையும் போவதையும் மீட்டர் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். "எந்த ஃபேன் சோலாரில் ஓடுகிறது, எது ஈபியில் ஓடுகிறது" என்று கேட்ட பெரியவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்படிப் பிரித்துக் காட்ட முடியாது ஐயா, இரண்டும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன.

லைன் செத்துவிட்டால் 2 விநாடிக்குள் இன்வர்ட்டர் விலகியாக வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறார். அப்போது நம் மாடியிலிருந்து கரண்ட் போனால், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் திரும்பி ஏறி மேல் கம்பியில் 11,000 வோல்ட்டாகவே ஆகிவிடலாம். பேட்டரி வைத்திருந்தால் மண்டபத்தை மட்டும் பிரித்து ஓட்டியிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஜெனரேட்டர் ஏற்கெனவே இருக்கும்போது, சில வருடத்தில் மாற்ற வேண்டிய பேட்டரிக்கு லட்சக்கணக்கில் போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

வினை அந்த ஜெனரேட்டரில்தான் வந்தது. ஒப்பந்தக்காரர் சோலார் கேபிளை, ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிப் போடும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு இந்தப் பக்கம், அதாவது மண்டப போர்டில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். அன்று கரண்ட் போனது, சோலார் நின்றது, ஜெனரேட்டரைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் இன்வர்ட்டர் ஜெனரேட்டர் கரண்டையே ஈபி லைன் என்று எடுத்துக்கொண்டு அதோடு சேர்ந்து தள்ள ஆரம்பித்துவிட்டது. கூட்டம் மேலே இருந்தவரை தெரியவில்லை. எல்லோரும் பந்திக்குக் கீழே இறங்கி, மேல் ஹால் ஏசியும் ஃபேனும் நிறுத்தியதும், செலவழிய இடமில்லாத சோலார் கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் போனது. இன்ஜின் சத்தம் மாறியது, விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன, இரண்டு விளக்கு போனது, அப்புறம் ஜெனரேட்டரின் வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் கருகி எல்லாமே நின்றது. இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் வியர்வையில் நனைந்து சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. அந்தக் குடும்பத்தாரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம்.

ஒப்பந்தக்காரர் முதலில் "ஜெனரேட்டர் பழசு" என்றார். நம் உறுப்பினர், 30 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர், மறுநாளே போர்டைத் திறந்து கேபிள் எங்கே சேர்கிறது என்று காட்டினார். பிறகு ஒப்பந்தக்காரர் "ஜெனரேட்டர் இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை" என்றார். ஜெனரேட்டர் கொட்டகையில்தான் அவருடைய ஆட்கள் பத்து நாள் சாமான் வைத்திருந்தார்கள்! மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். கடைசித் தவணையை நிறுத்தி வைத்தோம், அவர் இரண்டு வாரம் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஏவிஆர், விளக்குச் செலவு முழுவதையும் அவர் ஏற்றுக்கொண்டார். கேபிளை சுவிட்சுக்கு முன்னால், ஈபி பக்கம் மாற்றிய செலவு 18,500 ரூபாயை நாம் ஏற்றோம். "அதை ஏன் நாம் தர வேண்டும்" என்று கேட்பது நியாயமான கேள்வி. அவர் கொடுத்த வரைபடத்தில் ஜெனரேட்டர் இல்லை. அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் தலைவரும் நானும்தான். வழக்கு என்று போனால் மண்டபம் எத்தனை முகூர்த்தம் பூட்டிக் கிடக்கும் என்று யோசித்து முடித்துக்கொண்டோம். இப்போது ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் முற்றிலும் விலகி நிற்கிறது. நாலு முறை ஓட்டிப் பார்த்தாயிற்று.

இன்னொரு கூடுதல் செலவு 13,000. தண்ணீர்த் தொட்டி நிழல் சாயங்காலம் ஒரு வரிசையில் விழுந்தது. பேனல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் அடி வாங்கும். அதனால் ஸ்டாண்டை உயர்த்தினோம்.

"பத்து கிலோவாட் என்றீர்கள், எட்டுதானே காட்டுகிறது" என்பவர்களுக்கு: பேனலின் வாட் கணக்கு செல் சூடு 25 டிகிரியில் எடுப்பது. சேலத்து சித்திரை வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு சதவீதம் குறையும். மானியம் ஏன் இல்லை என்றால், 2024இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டம் குடியிருப்புகளுக்கானது, நம்முடையது மண்டபம்.

நன்கொடையாளர் பெயர்கள் நுழைவாயில் பலகையில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை மளிகை மொத்த வியாபாரி, இரண்டாம் அக்ரஹாரம் ஜவுளிக்கடைச் சகோதரர்கள், பொன்னம்மாப்பேட்டை வெண்பட்டுத் தறிக்காரர்கள் பதினோரு பேர், சூரமங்கலத்தில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நம் மருமகன், அஸ்தம்பட்டி டீச்சர் அம்மா, பேத்தி பெயரில் 500 ரூபாய் கொடுத்த பூக்காரப் பாட்டி. குகையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் பேனலைத் தடவிப் பார்த்து "இந்தக் கோடெல்லாம் வெள்ளிதானே" என்று கேட்டார். ஆமாம், செல்லில் உண்டாகும் கரண்டைத் திரட்டும் அந்த மெல்லிய கோடுகள் வெள்ளிப் பசையில் அச்சிட்டவை. அன்று மாலையே 50,000 கொண்டுவந்து கொடுத்தார்.

மதிப்பீடு 5,80,000. மொத்தச் செலவு 6,11,500. நன்கொடை 4,70,000, மீதி 1,41,500 சங்கச் சேமிப்பிலிருந்து எடுத்தது. பேனலைக் காவிரித் தண்ணீரில், வெயில் ஏறும் முன் கழுவச் சொல்லியிருக்கிறோம், போர் தண்ணீர் உப்புக் கறை விடுகிறது. பில்கள், மாற்றிய வரைபடம் எல்லாம் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 வரை நான் அங்கேயே இருப்பேன், வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்