கல்லை மட்டும் எடுக்க முடியாதா என்று கேட்டாயே

அன்பு மகள் கயலுக்கு,

ஸ்கேன் ரிப்போர்ட் கிடைத்தது. "பெரியம்மாவுக்குக் கிட்னி கல்லை உடைத்துத்தானே எடுத்தார்கள், எனக்கு மட்டும் ஏன் பித்தப்பையையே எடுக்கணும்?" என்று கேட்டிருந்தாய். முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

கிட்னியில் உடைந்த துகளைச் சிறுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். பித்தப்பையிலிருந்து புறப்படும் குழாயோ 2, 3 மி.மீ. அகலம்தான், உள்ளே திருகு திருகாக மடிப்பு வேறு. துகள் அதைத் தாண்டிப் பெரிய பித்தக்குழாயில் இறங்கி, அது கணையக் குழாயோடு சேரும் வாயில் அடைத்துக்கொண்டால் கணையமே வீங்கிப் புண்ணாகிவிடும். அதனால்தான் குருணைக் கல் என்றால் எனக்குக் கூடுதல் பயம். உன்னுடையதும் அப்படித்தான்: பல கற்கள், பெரியதே 7 மி.மீ. அதோடு, கல் உருவாவதே அந்தப் பைக்குள்தான். பையை விட்டுவைத்தால் மறுபடியும் உருவாகும்.

எப்படி வந்தது என்றும் கேட்டாய். கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை பித்தநீர் சுரக்கும். பை கொள்வது 30 முதல் 50 மி.லி. தான், தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சாப்பாடு குடலுக்கு வந்ததும் சுருங்கிப் பிழியும். பித்தநீரில் கொலஸ்ட்ரால் மிஞ்சி, பையும் மந்தமாகப் பிழிந்தால் அடியில் கசடு தங்கும், கசடு கல்லாகும். கர்ப்பத்தில் இரண்டுமே நடக்கும். பிரசவத்துக்குப் பிறகு நீ காலைச் சாப்பாட்டை விட்டு 2 மாதத்தில் 14 கிலோ இறக்கினாய். அவ்வளவு வேகமாக இளைத்தால் கரைகிற கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் கொட்டும், பட்டினி கிடக்கும் பை பிழியவும் பிழியாது. ரத்த டெஸ்டில் கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே என்று குழம்பாதே, இது வேறு கணக்கு.

ரிப்போர்ட்டில் நல்ல சேதியும் இருக்கிறது. பையின் சுவர் 2 மி.மீ.; 3ஐத் தாண்டினால்தான் வீக்கம் என்று சந்தேகப்படுவார்கள். பெரிய குழாய் 4 மி.மீ.; 6 வரை கவலையில்லை. கல்லீரல் டெஸ்டில், பித்தநீர் தடைபட்டால் ஏறுகிற பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்படேஸும் சரியாக இருந்தால், கல் குழாயில் இறங்கியிருக்க வாய்ப்பு குறைவு. ஏறியிருந்தால் எம்.ஆர்.சி.பி., அதாவது பித்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், எடுக்கச் சொல்வார்கள். குழாயில் கல் தெரிந்தால் வாய்வழியே கேமராக் குழாய் விட்டு ஈ.ஆர்.சி.பி. முறையில் அதை எடுப்பார்கள்.

வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகக் கல் தெரிந்திருந்தால் பேசாமல் இருக்கச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு 100க்கு 1 முதல் 4 பேருக்குத்தான் தொந்தரவு வரும். உனக்கு இரண்டு முறை வந்துவிட்டது. பரோட்டா சாப்பிட்ட ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டைக்குப் பின்னால் ஏறி, எப்படிப் புரண்டு படுத்தாலும் அடங்காமல் 2 மணி நேரம் நின்ற வலியை 'கேஸ்' என்று சோடா குடித்துத் தள்ளிவிட்டாய். அது கல் வாயை அடைத்த வலி. இனியும் வரும்.

கரைக்கும் மாத்திரை உண்டு, உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம். சுண்ணாம்பு படியாத சின்னக் கொலஸ்ட்ரால் கல்லில்தான் வேலை செய்யும், 6 மாதம் முதல் 2 வருஷம் வரை விழுங்கணும், நிறுத்தினால் 5 வருஷத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வரும். உன் வயசுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வாழைத்தண்டுச் சாறு கிட்னி கல்லுக்கென்று குடிப்பது, பித்தப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து வெளியே போகும் பச்சை உருண்டைகள் கல் அல்ல, அந்த எண்ணெயே குடலில் சோப்பு மாதிரி உறைந்தது.

ஆபரேஷனில் தொப்புளருகே ஒன்று, மேல்வயிற்றில் மூன்று என 4 சின்னத் துளைகள் போடுவார்கள். கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, பைக்குப் போகும் குழாயையும் ரத்தநாளத்தையும் கிளிப் போட்டு வெட்டி, பையைத் தொப்புள் வழியே எடுப்பார்கள். இதில் பெரிய ஆபத்து, பெரிய பித்தக்குழாயைப் பையின் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவது. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் வாழ்க்கை முழுக்கத் தொந்தரவு. அதனால் சுற்றியுள்ள கொழுப்பை விலக்கி, பைக்குள் போவது இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்த்த பிறகே கிளிப் போடணும். "அது தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று சர்ஜனைக் கேள். வயிற்றைத் திறப்பேன் என்றோ, பையில் ஒரு பகுதியை விட்டுவிட்டு நிறுத்துவேன் என்றோ சொன்னால் நம்பி ஒப்புக்கொள். எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்பச் சொல்.

தாய்ப்பால் கொடுப்பதை மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல். நன்றாக விழித்த பிறகு பெரும்பாலும் கொடுக்கலாம். தோள்பட்டை வலித்தால் பயப்படாதே, மிச்ச வாயு உதரவிதானத்தை உறுத்துவதுதான். அன்று சாயங்காலமே எழுந்து நட. சிலருக்குக் கொஞ்ச நாள் பேதி மாதிரி போகும். வீட்டுக்கு வந்த பிறகு வயிற்றுவலி குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே திரும்பிப் போகணும்.

அதுவரை பட்டினி கிடக்காதே. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, பொரித்தது வேண்டாம். வலி 5 மணி நேரத்தைத் தாண்டினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும்போது எதுவும் சாப்பிடாதே.

குட்டிப்பயலைச் சில வாரம் தரையிலிருந்து தூக்கக்கூடாது. உட்கார்ந்துகொள், மடியில் வைக்க ஆள் வேணும். தேதியைச் சொல், டிக்கெட் போடுகிறேன்.

அம்மா