விற்றவர் கையில் இல்லாத நிலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கா 1803இல் பிரான்சிடமிருந்து லூயிசியானாவை வாங்கியதையும், அதன்பின் அமெரிக்கப் படை அதிகாரிகள் லூயிஸும் கிளார்க்கும் ஒரு குழுவோடு மேற்கே போன பயணத்தையும் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் தயக்கம், பாரீஸில் நடந்த பேச்சுவார்த்தை, மிசௌரி ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் படகைக் கயிறு கட்டி இழுத்த பாடு எல்லாம் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் 1.5 கோடி டாலருக்கு சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர், ஏக்கருக்கு மூன்று சென்ட், ஆகவே வரலாற்றிலேயே மலிவான நில வியாபாரம் என்று கட்டுரையாளர் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த வரியை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார்கள். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், பிரான்சின் கையில் என்ன இருந்தது? நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம், மிசிசிப்பிக் கரையில் சில பண்ணைகள், செயின்ட் லூயிஸ் போன்ற சில வணிக ஊர்கள். அவற்றையும் ஸ்பெயின் அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்துகொண்டிருந்தார்கள். 1800இல் போட்ட இரகசிய ஒப்பந்தப்படி ஸ்பெயின் திருப்பிக் கொடுத்த அந்தப் பகுதியை பிரான்ஸ் முறைப்படி ஏற்றுக்கொண்டது 1803 நவம்பர் 30இல். அமெரிக்காவிடம் ஒப்படைத்தது டிசம்பர் 20இல். நடுவில் இருபதே நாள். மற்றபடி ராக்கி மலைகள் வரை பரந்து கிடந்த சமவெளியில் ஓசேஜ், பானீ, ஓமஹா, லகோட்டா, மண்டான், ஹிடாட்சா, செயென் என்று பல மக்கள் தங்கள் ஊர்களோடும் வேட்டைக்காடுகளோடும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. பட்டாவும் இல்லாமல் அனுபோகமும் இல்லாமல் ஒருவர் நிலத்தைக் கிரயம் செய்து கொடுத்தால் நம் ஊர் பத்திர எழுத்தர்கூட என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் நெப்போலியன் விற்றது எதை? அங்கிருக்கும் மக்களிடமிருந்து நிலத்தை வாங்கவோ பறிக்கவோ வேறு எந்த ஐரோப்பிய நாடும் போட்டிக்கு வராது என்ற உரிமையைத்தான். இது என் வியாக்கியானம் இல்லை. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதிய தீர்ப்பில், பூர்வகுடிகளுக்கு அந்த நிலத்தில் குடியிருக்கும் உரிமை உண்டு, ஆனால் அதை அரசாங்கத்துக்கு மட்டுமே விற்க முடியும் என்று சொன்னது. ஆகவே 1803க்குப் பிறகும் அமெரிக்கா அதே நிலத்துக்காக ஒவ்வொரு மக்களோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1808இல் ஓசேஜ் மக்களிடமிருந்து இன்றைய மிசௌரி, ஆர்கன்சா மாநிலங்களின் பெரும்பகுதியை எழுதி வாங்கியது அப்படித்தான். மிரட்டல், பஞ்சம், படை, அப்புறம் ஒரு சொற்பத் தொகை: பல இடங்களில் நடந்தது இதுதான். ஏக்கருக்கு மூன்று சென்ட் என்ற கணக்கில் இவை எதுவும் சேரவில்லை.

அடுத்தது, நெப்போலியன் ஏன் விற்றார் என்பது. இங்கிலாந்தோடு போர், கையில் பணமில்லை என்று இரண்டே வரியில் கட்டுரை நகர்ந்துவிடுகிறது. அது பொய்யில்லை. ஆனால் பெரிய காரணம் கரீபியக் கடலில் இருந்தது. இன்று ஹைட்டி என்று நாம் அழைக்கும் சான் டொமாங், அன்று சர்க்கரையிலும் காபியிலும் பிரான்சுக்குப் பெரும் செல்வம் கொட்டிய குடியேற்றம். 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்து தங்களை விடுவித்துக்கொண்டார்கள். அந்தத் தீவை மீண்டும் பிடிக்க நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லெர்க் தலைமையில் பெரும்படை அனுப்பினார். தீவை மீட்டுவிட்டால் அதற்கு வேண்டிய தானியமும் மரமும் லூயிசியானாவிலிருந்து போகும் என்பது திட்டம். ஆனால் முன்னாள் அடிமைகளின் எதிர்ப்பிலும் மஞ்சள் காய்ச்சலிலும் அந்தப் படை கரைந்தது. 1802 நவம்பரில் லெக்லெர்க்கும் காய்ச்சலில் இறந்தார். விடுதலைப் போரின் தலைவர் துசான் லூவெர்த்யூரை அதற்கு முன்பே பிடித்து பிரான்சின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் அடைத்திருந்தார்கள். அவர் 1803 ஏப்ரல் 7இல் அங்கேயே உயிர்விட்டார். அடுத்த சில நாட்களில், நியூ ஆர்லியன்ஸை மட்டும் கேட்டு வந்த அமெரிக்கத் தூதர் லிவிங்ஸ்டனிடம், முழு லூயிசியானாவுக்கும் என்ன விலை தருவீர்கள் என்று பிரெஞ்சு அமைச்சர் டாலிராண்ட் கேட்டார்.

ஹைட்டி மக்கள் தோற்றிருந்தால் இந்த வியாபாரமே நடந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 1804 ஜனவரி 1இல் விடுதலை அறிவித்த அந்த நாட்டை அமெரிக்கா அங்கீகரித்தது 1862இல்தான். ஜெஃபர்சன் காலத்திலேயே அதோடு வணிகம் செய்யத் தடையும் வந்தது. இதையெல்லாம்விட எனக்கு நெஞ்சு பொறுக்காதது, அடிமைகள் போராடி வென்றதால் கைமாறிய நிலத்தில் கரும்பும் பருத்தியும் பயிரிட அடிமைகளையே கொண்டுவந்து இறக்கினார்கள் என்பது.

இனி பயணத்துக்கு வருகிறேன். குழுவோடு மொழிபெயர்ப்பாளராகப் போன பூர்வகுடிப் பெண் சகாகவியாவைப் பற்றிக் கட்டுரை ஒரு பத்தி எழுதியிருக்கிறது, நன்றி. மற்றவர்கள் விடுபட்டுப்போனார்கள். 1804-05 குளிர்காலத்தை அந்தக் குழு மண்டான், ஹிடாட்சா ஊர்களுக்கு அருகில் கழித்தது. அன்றைய செயின்ட் லூயிஸைவிட அதிக மக்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். யாரும் அறியாத வெறுங்காடு என்று எழுதுவதற்கு இடமே இல்லை. எங்களுக்குச் சாப்பாடு இருந்தால் உங்களுக்கும் உண்டு, நாங்கள் பட்டினி என்றால் நீங்களும் பட்டினி என்று மண்டான் தலைவர் ஷெஹெகே சொன்னதைக் கிளார்க்கே குறித்து வைத்திருக்கிறார். அந்த மக்களின் மக்காச்சோளம்தான் குழுவை அந்தப் பனியில் காப்பாற்றியது. அதற்கு ஈடாகக் குழுவின் கொல்லர்கள் கோடாரி அடித்துக் கொடுத்தார்கள். 1837இல் மிசௌரியில் வந்த வணிக நீராவிப் படகு ஒன்று பெரியம்மையைக் கொண்டுவந்தது. மண்டான் மக்களில் நூற்றுச்சொச்சம் பேரே மிஞ்சினார்கள்.

மலைகளைக் கடந்து எலும்பும் தோலுமாக இறங்கியபோது உலர்ந்த மீனும் கிழங்கும் கொடுத்தவர்கள் நெஸ் பெர்ஸ் மக்கள். குழுவின் குதிரைகளைக் குளிர்காலம் முழுவதும் பார்த்துக்கொண்டவர்களும் அவர்களே. இவர்களுடைய நிலம் 1803 ஒப்பந்தத்துக்குள் வரவே இல்லை. அது ராக்கி மலைக்கு மேற்கே, வாங்கிய எல்லைக்கு அப்பால் இருந்தது. பயணம் நடந்தது வாங்கிய நிலத்தைப் பார்க்க மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா? 1877இல் அதே மக்களை அமெரிக்கப் படை மாதக்கணக்கில் துரத்தி, கனடா எல்லைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் இருக்கும்போது மடக்கிப் பிடித்தது.

குழுவுக்குள்ளேயே யார்க் என்று ஒருவர் இருந்தார். கிளார்க்கின் அடிமை. மற்றவர்களைப் போலவே துடுப்பு போட்டார், வேட்டையாடினார், பசிபிக் கடல் வரை போய்த் திரும்பினார். வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. யார்க்குக்குச் சம்பளமும் இல்லை, நிலமும் இல்லை. கென்டக்கியில் இருந்த மனைவியோடு வாழ விடுங்கள் என்று அவர் கேட்டதையும், கிளார்க் மறுத்ததையும், அடித்ததையும் கிளார்க் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களிலேயே படிக்கலாம். குழுவினரை அந்தந்தப் பெயரோடு வரிசையாகச் சொன்ன கட்டுரை இவர் பெயரை விட்டது வருத்தம் தருகிறது.

இது பழங்கதையும் இல்லை. 1803 ஒப்பந்தத்துக்குள் வரும் கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) என்ற மலைப்பகுதியை 1868இல் லகோட்டா மக்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தங்கம் கிடைத்ததும் 1877இல் பறித்துக்கொண்டார்கள். 1980இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பத்து கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. லகோட்டாக்கள் வாங்கவில்லை. நிலத்தை விற்கவில்லை, நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். தொடாத அந்தத் தொகை வட்டியோடு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட வரைபடத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே ஒரே பச்சை நிறம், நடுவில் இரண்டு ஆறுகள், ஒரு புள்ளிக்கோடு, அவ்வளவுதான். அடுத்த இதழில் அதே வரைபடத்தை, அன்று அங்கே வாழ்ந்த மக்களின் பெயர்களை அவரவர் நிலத்தில் குறித்து, மறுபடி வெளியிட வேண்டுகிறேன். கரீபியக் கடலில் ஹைட்டியையும் விடாமல் காட்டுங்கள். இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கும்பகோணம்.