நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம். பதில் போடாதது தப்புதான். இங்கே எல்லோரும் நலம், வசந்தி அக்காவுக்கு முட்டிவலி தேவலை. நீ எழுதியிருந்த ஒரு வரிக்காகத்தான் இந்த அவசரம்: 'விருந்தாளிகள் குளிராமல் உட்கார, திண்ணையை நாலு பக்கமும் தார்ப்பாயால் அடைத்து நடுவில் கேஸ் ஹீட்டர் வைக்கப்போகிறேன்.'

வைக்காதே. குடை மாதிரி நிற்கும் அந்த ஹீட்டர் 12, 13 கிலோவாட் எரிப்பது. திறந்த வெளிக்கென்றே செய்தது. அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு தேங்கும். அதற்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலி, குமட்டல்தான் வரும். மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறிவந்த கிறுகிறுப்பு என்று நினைத்து ஆள் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமே அதுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம் வேறு. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில், சமவெளிக்கு அளவெடுத்த ஜெட் (கேஸ் வரும் சின்னத் துளை) காற்றுக்குத் தகாத அளவு கேஸை அதிகம் விடும். சுடர் மஞ்சளாகிக் கரி பிடிக்கும், விஷவாயுவும் கூடும். முழுத் தீயில் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ போகும், 19 கிலோ சிலிண்டர் ஐந்தாறு ராத்திரிக்குத்தான். உறைபனி நாளில் சிலிண்டருக்குள் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, சுடர் ஒடுங்கிவிடும். அப்போது வெந்நீர் ஊற்றக் கிளம்பிவிடாதே, உன்னை எனக்குத் தெரியும்!

கரண்டில் ஓடும், வெப்பக்கதிர் வீசும் இன்ஃப்ராரெட் ஹீட்டர் வாங்கு. வெளியில் காற்றைச் சூடாக்கிப் பயனில்லை, ஆளைச் சூடாக்க வேண்டும். ஆயில் ஹீட்டர், பேன் ஹீட்டர் இரண்டும் அதனால்தான் வீண். இன்ஃப்ராரெட்டிலும் செராமிக் பலகை வகை சூடேறவே பத்து நிமிடம் எடுக்கும், காற்றடித்தால் பாதிச் சூடு பறந்துபோகும். சிவப்பாக ஒளிரும் ஹாலஜன் குழாய் போட்ட நொடியில் உறைக்கும். உன் 12க்கு 15 அடித் திண்ணைக்கு 2,000 வாட்டில் இரண்டு போதும். சாரல் அடிக்கும் இடம், தூசி, தண்ணீர் தாங்கும் தரக்குறி ஐபி55க்குக் குறைந்து வாங்காதே. எதிரெதிர்ச் சுவரில் ஏழரை அடி உயரத்தில், குழாய் படுக்கைவாக்கில் இருக்க, 45 டிகிரி சாய்த்து மாட்டு. தலைக்கு நேர் மேலே மாட்டினால் மண்டை கொதிக்கும், முழங்கால் விறைக்கும்.

ஒவ்வொன்றும் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். தனித்தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). ஒயரிங் செய்ய துரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பு. வாங்குவதற்கு முன் ராத்திரி எட்டு மணிக்கு வோல்டேஜ் பார். 200க்கு இறங்கினால் 2,000 வாட் ஹீட்டர் 1,500தான் தரும். அப்படியென்றால் மூன்று வேண்டும். இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்றும் விசாரி.

தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் மட்டும் கட்டு, ஹீட்டருக்கு மூன்றடி தள்ளி. கேஸ் ஹீட்டருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், விடு. வோல்டேஜ் எவ்வளவு என்று பார்த்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
முரளி