மருந்துச் சீட்டில் உடற்பயிற்சியும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரை, பக்கவிளைவுகளை விரிவாக விளக்கிவிட்டு, போதிய ஓய்வு எடுக்கவேண்டும் என்ற அறிவுரையோடு முடிந்திருந்தது. அந்த அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஒடுக்கும் இச்சிகிச்சையில் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி வாட்டுகிறது. படுத்தே கிடந்தால் இவை கூடுமே தவிரக் குறையா. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, இச்சிகிச்சை பெறுவோருக்கு வாரம் இருமுறையாவது, 12 வாரங்களுக்கு, மேற்பார்வையுடன், விறுவிறு நடை போன்ற ஏரோபிக் பயிற்சியும் தசை வலுப்பயிற்சியும் அளிக்கவேண்டும் என வழிகாட்டுகிறது. மூன்று மாதத்துக்கொருமுறை இந்த ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் என் அண்ணன், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்தார். இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்த விறுவிறு நடையையும் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் விடாமல் செய்தபின், உழவர் சந்தையிலிருந்து காய்கறிப் பையைத் தாமே தூக்கி வருகிறார்.

எலும்புக்குப் புற்று பரவியவர்கள் எல்லாப் பயிற்சியும் செய்துவிட முடியாது என்பதால், இதை நோயாளியின் போக்கில் விடுவதும் தவறு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறது. ஹார்மோன் ஊசி தொடங்கும் நாளிலேயே, நோயாளியின் சம்மதத்துடன், அரசு மருத்துவமனைகள் அவரை அத்திட்டத்தில் சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்