டேவிஸ் கோட்டைச் சுற்றுலா: சொன்னபடி நடக்காதது குறித்துப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மேற்கு டெக்சாஸ் வேன் சுற்றுலாவில் சென்ற மாதம் குடும்பத்தோடு வந்திருந்தோம். "டேவிஸ் கோட்டையில் அரை நாள், தமிழில் விளக்கம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார், மாமியாருக்கு ஆங்கிலம் சிரமம் என்பதால், தலைக்கு இவ்வளவு என்று கேட்ட கூடுதல் கட்டணத்தையும் யோசிக்காமல் கட்டினோம்.

வழியில் ஒரு நினைவுப் பொருள் கடையில் வேனை நிறுத்தி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. பழைய மருத்துவமனைக் கட்டடத்துக்குள் போகவே முடியவில்லை. வழிகாட்டி சொன்ன விளக்கம் மொத்தமும் இதுதான்: "பழைய ராணுவ முகாம், செவ்விந்தியர்களோடு சண்டை நடந்த இடம். போட்டோ எடுத்துக்குங்க."

சான் அன்டோனியோ - எல் பாசோ சாலையில் போகிற அஞ்சல் வண்டிகளையும் பயணிகளையும் காக்க 1854-இல் அமைத்த கோட்டை அது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1867-இல் ராணுவம் அங்கே திரும்பியபோது வந்தவர்கள் 9-ஆம் குதிரைப்படையின் கறுப்பின வீரர்கள். அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாச்சி, கோமாஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் யார், எதற்காக எதிர்த்தார்கள் என்றும் சொல்லவில்லை.

என் மகளுக்குத்தான் பெரிய ஏமாற்றம். ஹென்றி ஃபிளிப்பரைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருந்தாள். அடிமையாகப் பிறந்து, 1877-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவர் அவர். 1881-இல் இதே கோட்டையில்தான் அவர்மீது பணம் கையாடியதாக ராணுவ விசாரணை நடந்தது. கையாடல் நிரூபணமாகவில்லை, இருந்தும் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லிப் பதவியைப் பறித்தார்கள். அவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது 1999-இல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. விசாரணை எங்கே நடந்தது என்று மகள் கேட்டாள். "அதெல்லாம் தெரியாதும்மா, வேன்ல ஏறு" என்றார் உங்கள் வழிகாட்டி. கூரை போய் வெறும் சுவராக நின்ற பச்சை மண் செங்கல் வீடுகளைக் காட்டி, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தாத்தாவுக்கு அவளே விளக்கிக்கொண்டு வந்தாள். அந்த வேலைக்குத்தானே உங்களிடம் பணம் கட்டினோம்?

தமிழ் விளக்கத்துக்காக வாங்கிய தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். கடையில் நிறுத்துவதாக இருந்தால் அதை முன்கூட்டியே பயணத் திட்டத்தில் போடுங்கள். அப்புறம், அங்கே அனுப்பும் வழிகாட்டி அந்த இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போகட்டும்.

ரசீது, விளம்பரம் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் பதில் தேவை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்