கூரையில் இரண்டு குழாய்கள்: ஒரு நன்றி மடல்

திருகோணமலை உறவுகளுக்கு,

நகரத்துப் பழைய தியேட்டரை அளந்து, வரைந்து, சின்னக் கண்காட்சியாக வைத்தும் முடித்துவிட்டோம். மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. மழையும் மின்வெட்டும் விடவில்லை.

முதல் நன்றி, பூட்டைத் திறந்துவிட்ட உரிமையாளர் குடும்பத்துக்கு. "வௌவால் எச்சத்தைத் தவிர உள்ள என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் சாவியைத் தந்தார்கள்.

கூரைக்கு மேல் நிற்கும் இரண்டு குழாய்களையும் கன்ரீன் புகைபோக்கி என்றே நான் குறித்திருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவர், அங்கே 30 வருடம் படம் ஓட்டிய ஒப்பரேட்டர் ஐயா. முழங்கால் வலியோடு மெசின் அறைக்கு ஏறிவந்து விளக்கினார். செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகளின் நுனிகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து எரியும். அந்த வெளிச்சத்தில்தான் படம். அதன் புகை போகத்தான் குழாய். மெசின் இரண்டு, குழாயும் இரண்டு. 2000 அடி ரீல் 20 நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். முடியப்போகும்போது திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும்: அடுத்த மெசினை ஓடவிடு. இரண்டாவது புள்ளி: வெளிச்சத்தை மாற்று. பிந்தினால் கலரியிலிருந்து விசில்தான்.

அந்த அறைச் சுவர் ஏன் அவ்வளவு தடிப்பு என்பதற்கும் அவரிடமே விடை இருந்தது. பழைய நைட்ரேட் பிலிம் பற்றினால் தண்ணீருக்கும் அணையாது. 1950களில் அது வழக்கொழிந்த பிறகும், கட்டுபவர்களுக்குப் பயம் போகவில்லை. தீப்பிடித்தால் விழுந்து மூடிக்கொள்ள, ஒளித் துவாரங்களின் மேல் தொங்கும் இரும்புத் தட்டுகளை ஐயா விரலால் தட்டினார். ஒன்று சர்ரென்று விழுந்தது. நான் துள்ளிவிட்டேன்.

மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் பிடித்துத் தரைச் சரிவை அளந்து தந்த மேசன் அண்ணனுக்கும் நன்றி. கடைசி வரிசையிலிருந்து திரையடிக்குப் போவதற்குள் தரை என் நெஞ்சளவு இறங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அடைத்த சுவரில் பெண்களுக்கான டிக்கெட் ஜன்னல் இருந்த இடத்தைக் காட்டியவர் பின்தெரு அன்ரி. மார்கழி மழை தகரத்தில் விழுந்தால் வசனமே கேட்காதாம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, படம் இறக்குமதி அதன் கைக்குப் போய், இந்தியப் படங்கள் குறைந்த காலத்தில் ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லையாம்!

கட்டட வரைபடம் தேடி ஏறி இறங்கிய அலுவலகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சரி, விடுவோம்.

தேநீர்க்கடை அண்ணே, உங்கள் ஏணி இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. ஐயாவின் கார்பன் குச்சியும் என் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை இரண்டையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அளவு நாடா பிடித்தவன்